அரை மில்லிமீற்றர்

சனிக்கிழமை பயிற்சி ஓட்டத்தில் மூன்றாவது வளைவிலிருந்து முதல் ஆளாக வெளியே வந்தவன் ஜொனிதான். பிரான்சிஸ்கா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வளைவு முடிந்ததும் மேட்டில் ஏறுகிற நீட்டுப் பாதை. அதுவரை அவன் சம்பாதித்ததெல்லாம் அங்கேதான் கைவிட்டுப் போனது. நூற்றிருபத்தைந்து சீசீ வண்டிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று அவனைத் தாண்டிப் போயின. நெஞ்சால் வண்டியைத் தள்ளுகிறவன் போலத் தம்பி குனிந்து கிடந்தான். அவனுடைய எண்பத்தைந்து சீசீ எஞ்சின் கத்தியதே தவிர ஏறவில்லை.

ஓட்டம் முடிந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். கண்ணைச் சுற்றி மட்டும் தோல் தெரிந்தது, மற்றதெல்லாம் செம்மண்.

"வளைவுல ஒருத்தனும் என்னப் புடிக்க முடியாதுக்கா," என்றான். "மேட்டுலதான் ஒன்னும் இல்ல. கழுதைய வச்சிக்கிட்டுக் குதிரையோட ஓடுறேன்."

பந்தயத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. ஜொனி கட்டாருக்கு விமானம் ஏற இருபது நாள் இருந்தது.

இரண்டையும் முடிச்சுப் போட்டவர் விதானகே என்கிற ஆள். குருநாகல் பக்கம் ஒரு பந்தயக் குழுவை நடத்துகிறவர். போன தடவை ஜொனி வளைவில் வண்டியைச் சாய்த்த அழகைப் பார்த்துவிட்டு, தானாக வந்து பேசினார். தியத்தலாவைக்கு மேலே நடக்கப்போகிற இந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் குழுவில் எடுத்துக்கொள்வேன், தங்குமிடம், சம்பளம், வண்டி எல்லாம் எங்களுடையது என்றார். பிரான்சிஸ்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளத்தில் போகிறவள் வேரைப் பிடிப்பாளே, அப்படி.

அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். மரியதாஸ். கட்டாரில் கட்டட வேலைக்குப் போய், மூன்று வருடத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து, ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திறக்காமலே புதைத்தார்கள். அது அண்ணன்தானா என்று பிரான்சிஸ்கா இன்றுவரை முழுதாக நம்பியதில்லை. இப்போது அதே ஊருக்கு, அதே வேலைக்கு, தம்பிக்கு விசா வந்திருந்தது. அம்மா செத்தபோது ஜொனிக்கு நாலு வயது. அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள் அவள்தான்.

அப்பா யாகோப்புக்குத் தேயிலைக் கொழுந்து ஃபெக்டரியில் வேலை. அவரோடு இதைப் பேச முடியாது.

"ஒருத்தன் செத்தாங்குறதுக்காக மத்தவன் இந்த லயத்துலயே கெடந்து மக்கணுமா?" என்பார். "நாப்பது வருஷமா நான் என்னத்தக் கண்டேன்? பந்தயமாம், பைக்காம். பிள்ளைய நீதான் கெடுக்குற."

அவர் சொன்னதில் பாதி உண்மைதான். அந்த வண்டியை ஓட்டத்துக்குக் கொண்டுவந்தது அவள். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் மெக்கானிக் படித்த அவளுடைய வகுப்பில் ஒரே பெண் அவள். படித்து முடித்துப் பதுளையில் புஹாரியின் கராஜில் சேர்ந்தாள். அங்கே யாரோ சாக்கு மூட்டையில் கொண்டுவந்து போட்டுவிட்டு, திரும்பி வராமல் போன டூ ஸ்ட்ரோக் பைக் அது. இரண்டு வருடம் மூட்டையிலிருந்து துண்டு துண்டாக எடுத்துப் பூட்டினாள்.

அந்த வாரம் முழுக்க வண்டியை மறுபடி பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நேர்மையாகச் செய்யக்கூடிய வேலை எதையும் விடவில்லை. காற்று போகிற ஃபில்டரை பெற்றோலில் அலசிப் புதிதாக எண்ணெய் தடவினாள். பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டாள். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குச் சைலன்சரின் வயிறுதான் பாதி எஞ்சின், எரியாமல் தப்பிப் போகிற பெற்றோலை அதுதான் திருப்பி உள்ளே தள்ளும். அந்த வயிறு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. இரண்டு வாயையும் அடைத்து, காற்றைப் பாய்ச்சி, நசுங்கின இடத்தை காஸ் சுவாலையில் சிவக்கக் காய்ச்சினாள். அது ரொட்டி உப்புகிற மாதிரி மெல்ல வெளியே வந்தது. பின்சில்லுக்கு மூன்று பல்லு கூடின செயின் சக்கரம் மாட்டினாள். மேலே போகப் போகக் காற்று மெல்லிசாகும் என்பதால், காபரேட்டரில் பெற்றோல் போகிற துளையை ஒரு அளவு சின்னதாக்கினாள்.

பந்தய மேட்டைப் போலவே நீளமும் சாய்வும் உள்ள ஒரு பாதை தோட்டத்தில் இருந்தது. புதன்கிழமை சாயந்தரம் அங்கே ஃபோனில் நேரம் பிடித்தாள். முன்பு பதினொன்றரை செக்கன் எடுத்த மேட்டை ஜொனி பத்தரையில் ஏறினான். பெரிய வண்டிகளுக்கு ஒன்பதரை போதும் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். இன்னும் ஒரு செக்கன்.

"போதும்க்கா," என்றான் ஜொனி. "இது நல்லாருக்கு. மிச்சத்த நான் வளைவுல பாத்துக்குறேன்."

"பாத்துக்க மாட்ட. போன வாரம் பாத்தியா?"

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

மறுநாள் கராஜில் அவள் புஹாரியிடம் கேட்டாள். சிலிண்டரில் புகை வெளியேறும் வாசலின் மேல்விளிம்பை ஒரு மில்லிமீற்றர் உயர்த்தினால் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழலும், மேட்டில் அந்த ஒரு செக்கன் கிடைக்கும். புஹாரி ஒரு லொறியின் அடியில் படுத்திருந்தார். வெளியே வரவேயில்லை.

"வாணாம் தங்கச்சி. அந்தச் சிலிண்டருக்கு உள்ள கண்ணாடி மாதிரி பூச்சு ஒன்டு இருக்கு. நம்மட கிட்ட இருக்கிற சாமானுக்கு அது அடங்காது. பூச்சு பேந்தா முடிஞ்சி. வேற சிலிண்டர் கொழும்புக்கு வர ஒரு மாசம் போகும்."

"கவனமாச் செஞ்சா?"

"கவனமாச் செய்யிறவன் அதுல கையே வைக்க மாட்டான்."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அவர் கையைக் காலைக் கழுவிக்கொண்டு ஜும்மாத் தொழுகைக்குப் போனார். கராஜில் வேறு யாரும் இல்லை. பிரான்சிஸ்கா முன் கதவை அரைவாசி இழுத்துவிட்டு, சிலிண்டரைச் சாக்கில் சுற்றிப் பிடிகருவியில் இறுக்கினாள். வாசலின் மேலே மார்க்கர் பேனாவால் ஒரு மில்லிமீற்றரில் கோடு போட்டாள். கைக் கிரைண்டரில் பென்சில் நுனியளவு கல்லை மாட்டி, சிலுவை போட்டுக்கொண்டு தொட்டாள்.

கோடு வரைக்கும் பழுதில்லாமல் வந்தது. அளந்தாள். சரியாக ஒரு மில்லிமீற்றர். விளிம்பு வழவழவென்று இருந்தது. அப்போதே கழற்றி வைத்திருக்கலாம். பின்னாளில் எத்தனையோ தடவை அவள் அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய் மனதுக்குள் அந்தக் கிரைண்டரை நிறுத்திப் பார்த்தாள்.

ஆனால் அந்த நேரத்தில் அவள் மனதில் இருந்தது சிலிண்டர் இல்லை. திறக்காத பெட்டி. ஒரு மில்லிமீற்றர் போதாவிட்டால்? பத்து செக்கனில் நின்றுவிட்டால்? இன்னும் அரை மில்லிமீற்றர், அவ்வளவுதான் என்று கல்லை மறுபடி வைத்தாள். கல் துள்ளியது. டிக் என்று ஒரு சத்தம், நகம் வெட்டுகிற சத்தம்தான். குனிந்து பார்த்தாள். விளிம்பில் எள்ளளவுக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது.

கிரைண்டரை நிறுத்தினாள். பள்ளிவாசலிலிருந்து குத்பாப் பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மெல்லிய மண்தாளை விரலில் சுற்றி அந்தக் காயத்தைத் தேய்த்தாள். கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை தேய்த்தாள். நகத்துக்கு இன்னமும் தட்டுப்பட்டது.

புஹாரி திரும்பி வந்தபோது எஞ்சின் பூட்டியாகிவிட்டது. அவள் சட்டைக் கையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"சிலிண்டரத் தோண்டினீங்களா?"

"சுத்தம் பண்ணுனேன், புஹாரி நானா."

அவர் மறுபடி லொறியின் அடியில் போய்ப் படுத்தார்.

சனிக்கிழமை ஜொனி மேட்டை ஒன்பதே கால் செக்கனில் ஏறினான். இறங்கி வந்து அவள் பக்கத்தில் வண்டியை நிறுத்தினான். "அக்கா, இது வேற வண்டி," என்றான். "கீழ கொஞ்சம் சோம்பலா இருக்கு. ஆனா ஒரு கட்டத்துக்கு மேல யாரோ பின்னாலருந்து எத்துற மாதிரி போகுது. நான் கட்டாருக்குப் போகல. நாளைக்கு அப்பாட்ட சொல்லிருவேன், பாரு." மூன்று வருடத்தில் அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "செயின் தளர்வா இருக்கு, இறுக்கணும்," என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பூசைக்குப் போனார். அவர்கள் இருவரும் புஹாரி தந்த லொறியில் வண்டியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். பந்தயத் திடலில் பனி விலகாமல் கிடந்தது. பதினாலு வண்டிகள். இரண்டு ஓட்டங்கள், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி இடம் தருவார்கள். பதினாலில் ஜொனியின் வண்டி ஒன்றுதான் எண்பத்தைந்து. பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

முதல் ஓட்டம் முடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஜொனி இரண்டாவதாக வந்தான். மேட்டில் அவனை ஒருவன்தான் தாண்ட முடிந்தது. விதானகே தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவன் வண்டியை நிறுத்துவதற்கு முன் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். எஞ்சின் ஓட்டத்துக்கு நடுவே ஒரு சின்னத் தட்டல். கிணுக், கிணுக் என்று. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஜொனி தண்ணீர் குடிக்கப் போனதும் சைலன்சரைக் கழற்றி, ஃபோன் வெளிச்சத்தை வாசலுக்குள் அடித்துப் பார்த்தாள். பிஸ்டனில் மேலிருந்து கீழாகப் பூனை பிறாண்டின மாதிரி ஒரு கோடு. எள்ளளவு இருந்த காயம் இப்போது நெல்லளவு ஆகியிருந்தது. ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அதில் இடறிக்கொண்டிருந்தது.

அடுத்த ஓட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. மூடிவைத்தால் யாருக்கும் தெரியாது. ஒருவேளை தாங்கும். ஆறு சுற்றுத்தான். தாங்கினால் அவன் இங்கேயே இருப்பான். தாங்காவிட்டால், மேட்டில் முழு வேகத்தில் எஞ்சின் இறுகிப் பிடித்தால், பின்சில்லு பூட்டிக்கொள்ளும். அவனைத் தூக்கி எறியும். பின்னால் வருகிறவன் அவன் மேல் ஏறுவான். சாரத்திலிருந்து விழக்கூடாது என்று தம்பியைத் தன் கையாலேயே அதைவிட மோசமான இடத்தில் ஏற்றி வைத்திருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சைலன்சர் ஆணிகளைக் கையில் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஜொனி, இங்க வா. உக்காரு."

"என்னக்கா, முகமெல்லாம் வெளுத்திருக்கு?"

"சிலிண்டர வெட்டுறப்போ கை நழுவிருச்சு. பூச்சு பேந்துருச்சு. வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். ஒங்கிட்ட சொல்லல."

அவன் குனிந்து, சைலன்சர் கழன்ற வாசலைப் பார்த்தான்.

"இப்ப பெருசாயிருச்சு. எப்ப வேணும்னாலும் புடிச்சுக்கும். மொத சுத்துலயும் புடிக்கலாம், கடைசி வரைக்கும் புடிக்காமலும் போகலாம். இதோட நிப்பாட்டிருவோம்."

"வெள்ளிக்கிழமை சொல்லிருந்தா என்ன செஞ்சிருப்போம்? வேற சிலிண்டர் இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப சொல்லிருந்தாலும் இதேதான்."

"இல்ல ஜொனி. சொல்லிருந்தா தெரிஞ்சு ஏறிருப்ப. காலையில நீ தெரியாம ஏறுன."

தன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் அடுத்த ஓட்டத்துக்குப் பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் கையை நீட்டினான்.

"ஆணியக் குடு."

"வேணாம்டா."

"இதுல ஏறாட்டி கட்டார் பிளேன்ல ஏறணும். இதுவாவது எனக்கு ஓட்டத் தெரிஞ்சது. குடுக்கா."

அவள் கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆணிகளைத் தேயிலைச் செடிகளுக்குள் வீசியிருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும். ஆனால் அவனிடம் மறைத்தும், அவனுக்காகத் தானே தீர்மானித்தும் இந்த வாரம் அவள் செய்தது போதும் என்று தோன்றியது. உள்ளங்கையைத் திறந்தாள். சைலன்சரை அவளே பூட்டினாள். பெற்றோலில் எண்ணெயைக் கொஞ்சம் கூடக் கலந்தாள்.

"ரெண்டு விரல கிளட்ச்லருந்து எடுக்காத," என்றாள். "சத்தம் மாறுனா யோசிக்காத. இழு."

அவன் தலையாட்டினான்.

தொடக்கத்தில் ஆறாவதாக இருந்தான். இரண்டாவது சுற்றில் ஐந்து. மூன்றாவதில் இரண்டு பேரை ஒரே வளைவில் உள்பக்கமாக வெட்டித் தாண்டினான். நான்காவது சுற்று முடியும்போது மூன்றாவது இடம். அப்படியே முடித்தால் போதும், கூட்டிப் பார்த்தால் மேடையில் நிற்பான். பிரான்சிஸ்கா புள்ளிகளை எண்ணவில்லை. எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாலு வண்டிகளின் இரைச்சலிலும் அது அவளுக்குத் தனியாகக் கேட்டது.

ஐந்தாவது சுற்றில், மேட்டின் நடுவில், அந்தச் சத்தம் ஒரு கணம் உயர்ந்து, அப்புறம் இல்லாமல் போனது.

வண்டியின் வால் ஒருமுறை வெட்டியது. ஜொனி கிளட்சை இழுத்துவிட்டான். சில்லு விடுபட்டது. அவன் அப்படியே ஓரத்துக்குச் சாய்க்க, பின்னால் வந்தவன் கைப்பிடியை உரசிக்கொண்டு பறந்துபோனான். இன்னொருவன். இன்னொருவன். கடைசி வண்டியும் போன பிறகு ஜொனி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பது தெரிந்தது. முழுசாக நின்றான். "இயேசுவே," என்றாள்.

அவன் கீழே இறங்கி வண்டியைத் தள்ள ஆரம்பித்தான். மேட்டில் மேல் நோக்கி, முடிவுக் கோட்டுப் பக்கமாக. எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. ஓடிப்போய்க் கயிற்றைத் தூக்கினாள். கொடி பிடித்திருந்தவர் மறித்தார். வெளியாள் கை வைத்தால் பேரை வெட்டிவிடுவார்களாம். அவள் கயிற்றுக்கு வெளியே, அவனுக்குச் சமமாக நடந்தாள். அவன் பூட்ஸ் சேற்றில் வழுக்கியது. ஒரு தடவை முட்டி போட்டு விழுந்தான், எழுந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஓட்டம் முடிந்து மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவன் கோட்டைத் தாண்டினான். பதினாலாவது இடம்.

விதானகே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஜொனியின் தோளில் கை வைத்து, "நல்லா ஓட்டுறீங்க தம்பி," என்று உடைந்த தமிழில் சொன்னார். "ஆனா நமக்கு முடிக்கிற ஆள்தான் வேணும். அடுத்த வருஷம் வாங்க, பாப்போம்."

அடுத்த வருடம் அவன் எங்கே இருப்பான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது லொறியை ஜொனிதான் ஓட்டினான். ஹாலிஎல ஊரைத் தாண்டினார்கள். அப்புறம் அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"எனக்கும் பயமாதான்க்கா இருக்கு. அண்ணன் மாதிரி ஒசரத்துல வேலையான்னு ஏஜென்சில கேட்டேன். போனாத்தான் தெரியும்னாங்க."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ மட்டும் எல்லாத்தையும் சொன்னியா?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாள். அவன் பார்க்காத மாதிரி இருந்தான், கொஞ்ச தூரம் போன பிறகு இடது கையால் அவள் மண்டையில் இலேசாக ஒரு தட்டுத் தட்டினான்.

பன்னிரண்டாம் நாள் காலை பதுளை பஸ் ஸ்டாண்டில் கொழும்பு பஸ் புறப்பட நின்றது. அப்பா இடுப்பில் கட்டின சாரமும் வேலைக்குப் போடுகிற சட்டையுமாக வந்திருந்தார், வழியனுப்பிவிட்டு எட்டு மணிக்கு ஃபெக்டரிக்குப் போக வேண்டும். அவர் கண் கலங்கவில்லை. மகனிடம் கடவுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள், குளிருக்குப் போர்த்திக்கொள், அங்கே தண்ணீர் நிறையக் குடி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜொனி ஏறி சன்னலோரம் உட்கார்ந்தான். நடத்துநர் விசில் ஊதினார்.

யாகோப்பு திடீரென்று பஸ்ஸில் ஏறினார். ஏறி, மகனுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா, எறங்குங்க. பஸ் கெளம்புது," என்றான் ஜொனி.

"ஏர்போர்ட் வரைக்கும் வர்றேன்."

"மாத்து உடுப்புகூட இல்ல. எப்படித் திரும்பி வருவீங்க?"

"மூத்தவன நான் இந்த ஸ்டாண்டோட விட்டுட்டேன்," என்றார் யாகோப்பு. முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். யாராவது இழுத்து இறக்கிவிடுவார்களோ என்று பயந்தவர் போல் இருந்தது அது.

பஸ் நகர்ந்தது. பிரான்சிஸ்கா கூடவே நடந்தாள், சன்னலுக்குள் கைவிட்டுத் தம்பியின் விரலைப் பிடித்தபடி, ஓட வேண்டிய வேகம் வரும் வரைக்கும். பிறகு விட்டாள். பஸ் வளைவில் திரும்பும்போது ஜொனியின் தலை தெரியவில்லை. அப்பாவின் நரைத்த தலை மட்டும் ஒரு கணம் தெரிந்தது.

வேலை நாள் அது. அவள் கராஜுக்கு நடந்தாள். புஹாரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி அவள் பக்கம் தள்ளினார். கதவருகே ஒரு ஆட்டோ நின்றிருந்தது.

"பிரேக் புடிக்குதில்லையாம்," என்றார். "தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் பாருங்க."

அவள் குடிக்காமலே போய் ஆட்டோவின் பக்கத்தில் குந்தினாள். பின்சில்லின் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். நாலாவது நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. எவ்வளவு முறுக்கியும் அசையவில்லை.